ஜீப்பில் வைத்த கம்பித் தடுப்பு

தொண்ணூறுகளில் நானும் கணவரும் கல்யாணச் சமையல் தொடங்கிய புதிது. அண்டாக்களைப் பழைய ஜீப்பின் பின்பக்கம் ஏற்றுவோம். அவை முன்னால் சரியாமலிருக்க, பின்சீட்டுக்குப் பின்னால் தரையோடு போல்ட் போட்டு ஒரு கம்பித் தடுப்பு வைக்கச் சொன்னேன்.

“ஜெயில் வண்டி மாதிரி இருக்குது” என்று மாமியார் முகம் சுளித்தார்.

ஒரு நாள் சமையலுக்குப் போகும் வழியில், அடி அண்ணாமலை கிராமத்தருகே எருமை குறுக்கே வர, கணவர் சட்டென்று பிரேக் போட்டார். அண்டாக்கள் பாய்ந்துவந்து தடுப்பில் மோதி நின்றன. பின்சீட்டிலிருந்த மாமியார் திரும்பிப் பார்த்தார்.

“இது இல்லன்னா என் மண்டை பொளந்திருக்கும்டி.”

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்று மண்டபத்தில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் அவர் குரல் கேட்டது. பந்திக்கு வந்தவர்களை ஜீப்பருகே நிறுத்தி, “எங்க மருமக யோசனைங்க. ஆட்டிப் பாருங்க, அசையாது” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டுக்கு நான் உண்மையில் மருமகளானது அன்றுதான் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.