கடைச் சுவரில் ஒரு பூச்சாடி

ஃப்ரேம் கடைக்காரனுக்குச் சோறு போடுகிறவர்கள் இரண்டே பேர்: சாமி, செத்துப்போனவர். செஞ்சிக் கோட்டைக்குப் போகிற ரோட்டில் இருக்கும் என் கடையில் மூன்றாவதாக ஒன்றை மாட்டியதுதான் வினை.

படம் என் மனைவி வசந்தி வரைந்தது. மண் நிறச் சாடி, மேலே சிவப்பும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாகப் பூக்கள். பாதி பூ, பாதி நம் ஊகம். நானே முதலில் தலைகீழாகத்தான் பிடித்தேன். அவள் முகம் வாடிவிட்டது. "ஒருத்தராவது தானா பூன்னு சொல்லட்டும். இல்லன்னா பிரஷ்ஷ பரண்ல போட்டுடறேன். நீங்க எடுத்துக் குடுக்கக் கூடாது" என்றாள். கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், வாயை மூடிக்கொண்டு வியாபாரம் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று.

கும்பிடு

சிங்கவரத்து அம்மா ஒருவர் பெருமாள் படத்துக்குக் கண்ணாடி மாற்ற வந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டே செருப்பைக் கழற்றினார். "என்ன தெரியுதும்மா?" என்றேன் ஆசையாக.

"இன்னா சாமிப்பா இது? மூஞ்சியே தெரியலியே. பரவால்ல, எதுக்கும் ஒரு கும்பிடு போட்டுக்கறேன்."

மருந்து

வல்லத்து விவசாயி ஒருவர் மூக்கு படத்தில் படுகிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். "செடிங்களா?" என்றார். செடி வரைக்கும் வந்துவிட்டார், பூவுக்கு இன்னும் ஓர் அடிதான் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மல்லாட்டைதான? கடல எல பூரா புள்ளி வுழுந்துடுச்சி. மருந்தடிக்காம படம் வரைஞ்சிக்கினு இருந்தா எப்பிடிங்க?"

பின்னறையில் வசந்தியின் தையல் மிஷின் வேகமாக ஓடியது. அன்று ராத்திரி பிரஷ்களைக் கழுவித் துணியில் சுற்றி வைத்தாள். எனக்கு மனசே சரியில்லை.

மாலை

அனந்தபுரத்துக்காரர் ஒருவர் இறந்துபோன அப்பாவின் போட்டோவை ஃப்ரேம் போடக் கொண்டுவந்தார். மாலையும் பொட்டும் கம்ப்யூட்டரிலேயே போட்டுத் தருவோம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கண் சுவருக்குப் போனது. "பூவெல்லாம் நல்லா இருக்குது சார்" என்றார்.

தையல் மிஷின் நின்றது. வசந்தி ஓடி வந்து, "இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றாள். மனிதர் மிரண்டுபோய் முழுசாகச் சொன்னார்:

"பூ நல்லா இருக்குதும்மா. ஆனா மாலைய போட்டுட்டு ஆளை வுட்டுட்டீங்களே! எங்க நைனாவையாச்சும் மறக்காம உள்ள வெச்சிடுங்க."

வசந்தி அடுத்த சாடியை வரைய ஆரம்பித்துவிட்டாள். இனி யாராவது ஆள் எங்கே என்று கேட்டால், வெளியே போயிருக்கிறார், வந்துவிடுவார் என்று சொல்வதாக இருக்கிறேன்.