குளவிக்கு எந்த ‘ள’?

ஈர மண்ணைச் சுவரில் அப்பும்போது மட்டும் குளவியின் ரீங்காரம் உச்சத்துக்கு ஏறும். பல்லைக் கடித்துக்கொண்டு யாரோ பாடுவதுபோல இருக்கும். கோபாலபுரத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடி வீட்டில், பள்ளி விட்டு வந்து, அம்மாவும் அப்பாவும் வேலையிலிருந்து திரும்பும்வரை எனக்குத் துணையாக இருந்த ஒரே குரல் அதுதான். கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லாத வீடு. எனக்கு அந்தத் தனிமை பிடிக்கவே இல்லை.

ஜன்னல் மூலையில் கூட்டைக் கண்டதும் அப்பா துடைப்பத்தைத் தூக்கினார். அவர் ஊரில், கொட்டினால் ஆளையே சாய்த்துவிடும் பெரிய குளவிக்குக் ‘கதண்டு’ என்று பெயர். இடுப்பு சிறுத்து எது பறந்தாலும் அவருக்குக் கதண்டுதான். “இது கதண்டு இல்லைங்க, வெறும் குளவி. இருந்துட்டுப் போகட்டும்” என்று அம்மா குறுக்கே நின்றாள். காரணத்தை எதிர்வீட்டு அஞ்சலை அக்காதான் எனக்குச் சொன்னார்: “குளவி கூடு கட்டிக்கினு கீதுன்னா வூட்டுக்குப் பாப்பா வரும் கண்ணு. கலைக்கக் கூடாது.”

அந்தச் சமயம் பார்த்துத் தமிழ் வகுப்பில் ‘குழவி’ என்றால் குழந்தை என்று படித்தேன். எங்கள் தெருவில் ழகரத்துக்கு மரியாதை கிடையாது, மழையே ‘மள’தான். ஆகவே எனக்கு இரண்டும் ஒரே சொல். பாப்பாவைக் கொண்டுவருவதால்தான் அதற்கு அந்தப் பெயர் என்று கண்டுபிடித்து, சமையலறைக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். “அசடு, அது வேற ழ” என்று சிரிக்கத் தொடங்கிய அம்மா பாதியில் நிறுத்தி, “சரி, அப்படியே இருக்கட்டுமே” என்றாள். அதன்பின் வேலையிலிருந்து வந்ததும் அவளும் முதலில் அந்த ஜன்னலைத்தான் பார்ப்பாள்.

கூட்டில் ஓட்டைகள் விழுந்தன. உள்ளே வளர்ந்தவை பறந்துவிட்டன. பாப்பா வரவில்லை. பல மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவே தோசைத்திருப்பியால் கூட்டைச் சுரண்டி எடுத்து, மண்ணைச் செம்பருத்தித் தொட்டியில் கொட்டிவிட்டுக் கை கழுவினாள். பிறகு குளவிப் பேச்சையே அவள் எடுக்கவில்லை.

இப்போது அடையாறில் இருக்கிறேன். எல்லா ஜன்னலுக்கும் கொசுவலை. குளவி வந்தாலும் சுற்றிலும் சிமென்ட், பிசைய மண் கிடைக்காது. கோபாலபுரத்து வீடும் அடுக்குமாடியாகிவிட்டது. அகராதியில் குளவியும் குழவியும் தனித்தனிச் சொற்களாகத்தான் இருக்கின்றன. இரண்டுக்கும் உறவு உண்டா என்று விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அப்பா முன்பே போய்விட்டார், போன வருடம் அம்மாவும். “நம்ம ஜன்னல்ல ஒரு கூடு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா?” என்று கேட்க எனக்கு ஒரு தம்பியோ தங்கையோ இல்லை.