பொட்டு வைத்த நத்தைகள்

மோதி பாக் குவார்ட்டர்ஸில் மழை தொடங்கியதும் நத்தைகள் வந்துவிடும். அந்த வருடம் அம்மா ஊன்றிய அவரை விதையில் நாலுதான் முளைத்தன. அதில் இரண்டை நத்தைகள் அடியோடு தின்றுவிட்டன. மிச்சமிருந்த இரண்டுமாவது பிழைக்க வேண்டுமே என்று அம்மா தவித்தாள். உப்பைத் தூவினால் கதை முடிந்துவிடும். ஆனால் அம்மா அப்போது பிள்ளைத்தாய்ச்சி. பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் ஓர் உயிரைக் கொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

"பொறுக்கிக்கிட்டுப் போயி பார்க்குல விட்டுட்டு ஜல்தி வாட்டி, ஸ்கூலுக்கு நேரமாச்சு" என்பாள். குனிய முடியாத அம்மாவுக்காகத் தினமும் காலையில் நான் வாளியோடு கிளம்புவேன்.

பார்க் தெருக்கோடியில் இருந்தது. எனக்கோ பிறவிச் சோம்பல். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டியின் வேலி கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது எதற்கு நடக்க வேண்டும்? அங்கேயே கவிழ்த்துவிடுவேன். மறுநாள் பார்த்தால் அவரையடியில் அதே அளவு கூட்டம். அதே நத்தைகள்தானா என்று அறிய, அப்பாவின் சிவப்பு மையைத் தொட்டு ஒவ்வொரு ஓட்டிலும் பொட்டு வைத்தேன். பொட்டு வைத்தவையே திரும்பி வந்தன. அடேயப்பா, நாய் வீடு திரும்பும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், எங்கள் வீட்டில் நத்தையே திரும்புகிறது! எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதை ஆன்ட்டியிடமே போய் அளந்தேன், அம்மாவும் பக்கத்தில் இருக்கும்போது. உங்கள் தோட்டத்தில் எத்தனை தடவை கொட்டினாலும் எங்களிடமே வந்துவிடுகின்றன என்று இந்தியில் விளக்கினேன். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "அச்சா..." என்று இழுத்த ஆன்ட்டி, தன் கொத்தமல்லிப் பாத்தியைக் காட்டி, அங்கிருந்து எதையோ எடுத்து எங்கள் பக்கம் வீசுவதுபோல் நடித்துக் காட்டினாள். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நத்தைகளின் சாமர்த்தியத்துக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நானும் சேர்ந்துகொண்டேன்.

மறுநாளிலிருந்து வாளி ஆன்ட்டி கைக்குப் போனது. பார்க்குக்கு என்று கிளம்புவாள்; மூலை வீடு வரை போய் இரண்டே நிமிடத்தில் வெறும் வாளியோடு வந்துவிடுவாள். எங்கள் அவரைக்கொடி பந்தலில் ஏறிவிட்டது.

ஒரு வாரம் கழித்து மூலை வீட்டு மாமா, ரோஜா வளர்ப்பதில் பெயர் எடுத்தவர், எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளங்கையில் ஒரு நத்தை. "பாருங்கோம்மா, இலையெல்லாம் போச்சு. எவனோ பொட்டு வேற வெச்சு அனுப்பறான்."

என் நத்தையைப் பார்த்த சந்தோஷத்தில் நான் வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். வேலிக்கு அப்பால் நின்றிருந்த ஆன்ட்டி, காயாத துணியை அவசரமாக எடுக்க ஆரம்பித்தாள். பார்க்கில் விட்ட நத்தை அத்தனை தூரம் ஊர்ந்து மாமா வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறது, இதை ஏன் யாருமே பாராட்டவில்லை என்று எனக்கு ஒரே ஆதங்கம்.