காடைக்கால் செரிக்கும் வரை

காலைத் தேநீருக்கு முன் ஃபின்டன் கெராட்டி தன் பிஷப்பைத் தராசில் நிறுத்துகிறார். பிஷப் ஓர் ஆண் வல்லூறு. பெட்டையின் எடையில் பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். தராசு சமையலறைத் தராசு.

"எனக்கு மாவு நிறுக்கணுங்க. உங்க பெரியவரைக் கொஞ்சம் எறக்கி விடுங்க," என்கிறாள் மனைவி பிரீட்.

நூற்றைம்பது கிராம் இருந்தால் பிஷப் வேட்டையாடும், கூப்பிட்டால் கைக்கு வரும். ஐந்தாறு கிராம் குறைந்தால் உயிருக்கே ஆபத்து. கூடினால் பசி இருக்காது; ஃபின்டன் யாரென்றே அதற்குத் தெரியாது. மீத் மாவட்டத்தில் தபால் கொடுக்கும் இந்த மனிதர் தன் எடையைப் பார்த்ததே இல்லை. பெல்ட்டில் புதுத் துளை போட்டுக்கொள்வதோடு சரி.

நண்பர் கோல்ம் வளர்ப்பதும் வேட்டைப் பறவைதான், ஆனால் பெரிய இனத்துப் பெட்டை. "என்னோடது முயல் பிடிக்குது. உன்னோடது என்னய்யா பிடிக்கும், ஜலதோஷமா?"

"உன் பொம்பளை முள்வேலியில மாட்டி முழிக்கிற எடத்துல, இவன் புகுந்து வெளிய வந்துருவான். சனிக்கிழமை வா, காட்டுறேன்."

அந்தச் சனிக்கிழமை தராசு நூற்றைம்பத்தெட்டு காட்டியது. முந்தைய மாலை பாசத்தில் கொடுத்த காடைக்கால். "தராசு பழசாயிருச்சு," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார் ஃபின்டன். தன்னையே ஏமாற்றிக்கொள்ள மனிதனுக்குப் பெரிய தத்துவம் எதுவும் வேண்டியதில்லை.

கையை விட்டுக் கிளம்பிய பிஷப் வேலியிலிருந்த குருவிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கல்லறைத் தோட்டத்து மரத்தின் உச்சியில் அமர்ந்து இறகு கோதியது. ஃபின்டன் உறை போட்ட கையில் இறைச்சித் துண்டை உயர்த்தினார். விசிலடித்தார். கெஞ்சினார். இருட்டுவதற்குள் இறங்காவிட்டால் மூன்று வருடப் பழக்கம் காற்றோடு போகும்.

"பிஷப்தானே? பாவமன்னிப்பு கேட்டுப் பாரேன்," என்றார் கோல்ம்.

"வாயை மூடுய்யா. அவன் செரிச்சிட்டிருக்கான்."

மூன்று மணி நேரம் ஆயிற்று. மழை பிடித்துக்கொண்டது. கோல்ம் காரிலிருந்து சாண்ட்விச் கொண்டுவந்து ஊட்டினார். உயர்த்திய கையை இறக்காமலே ஃபின்டன் மென்றார். வெளிச்சம் மங்கும்போது பிஷப்பின் காலில் கட்டிய சின்ன மணியின் ஓசை கேட்டது. பிஷப் கையில் வந்து இறங்கி, ஒன்றும் நடக்காதது போல இறைச்சியைக் கிழித்தது.

"இப்பவாவது கையை எறக்குய்யா."

ஃபின்டன் இறக்கவில்லை. பிஷப்பின் காலில் கட்டிய வாரை விரலிடுக்கில் இறுக்கிக்கொண்டு, மறுகையால் தன் தொப்பியைக் கழற்றிப் பறவைக்கு மேல் குடையாகப் பிடித்தார். வழுக்கையில் விழுந்த மழை வழிந்து கண்ணுக்குள் இறங்கியது. இரண்டு கையும் காலி இல்லை. கோல்மின் தோளில் முகத்தைத் தேய்த்துத் துடைத்துக்கொண்டார்.