முனியன் வீட்டுக் கூரை

கடலூரிலிருந்து சுங்கச்சாவடி தாண்டி பிரெஞ்சுக்காரர் ஆளும் மண்ணுக்கு வெள்ள நிவாரண வேலைக்காக வந்திருக்கிறோம். பாகூர் ஏரி உடைந்து வீடிழந்த கூலிக்காரர்கள் எல்லாருக்கும் குடிசை கட்டியாயிற்று. இன்னும் ஒன்று வேண்டும் என்கிறாள் அங்கே குடியிருக்கும் அஞ்சலை. வெள்ளத்தோடு போன முனியன் குடும்பத்துக்காம்.

"செத்தவங்களுக்கு எதுக்கும்மா வீடு?"

"வூடு இல்லாம அதுங்க இன்னா பண்ணும்? பொழுது சாஞ்சா எங்க வாசல்ல வந்து நிக்குதுங்கய்யா."

அவள் முகத்தைப் பார்த்தபின் மறுக்க முடியவில்லை. கட்டுகிறோம்.

நல்ல வெயில். கூரைமேல் உட்கார்ந்து கீற்று வேய்கிறேன். நான் உள்ளே விடும் கயிற்றை, கீழே குடிசைக்குள் நிற்கும் நண்பன் சுந்தரம் மூங்கிலைச் சுற்றித் திரும்ப மேலே நீட்டுகிறான். இழுத்து முடிச்சுப் போடுகிறேன். கொஞ்ச நேரமாகக் கயிறு ஈரமாக வருகிறது. அவன் கை வியர்வை என்று நினைத்துக்கொள்கிறேன்.

வரிசை முடிந்து நிமிர்ந்தால், தூரத்தில் களத்துமேட்டில் சுந்தரம் கூழ் குடித்துக்கொண்டிருக்கிறான்.

அஞ்சலை கீழேயிருந்து என்னைப் பார்க்கிறாள்.

"அவுரு அப்பவே போய்ட்டாரு. நீங்க நிறுத்தாதீங்கய்யா. முனியன் வூட்ட முனியனே கட்டிக்கினு இருக்கான்."

இன்னும் ஒரு வரிசை பாக்கி. இறங்கி ஓடிவிடலாம் போலிருக்கிறது. ஓடவில்லை. கயிற்றை உள்ளே விடுகிறேன்.

யாரோ மெல்ல வாங்கிக்கொள்கிறார்கள்.