பின்னோக்கி ஓடிய கடிகாரம்

சென்ற டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், ராபர்ட்சன்பேட்டை கடைவீதியில் நடந்தது இது.

அங்கிருந்த தங்கச் சுரங்கத்தின் மின்சாரப் பிரிவில் என்னோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்த நண்பன், சுரங்கம் மூடியதும் மகளோடு ஆஸ்திரேலியா போய்விட்டான். அதன்பின் நாங்கள் பார்த்துக்கொள்ளவே இல்லை. திடீரென்று அவன் மகள் போன் செய்தாள். அப்பா பெங்களூரு வந்திருக்கிறார், நாளை இரவு விமானம், அதற்கு முன் மாலை ஆறு மணிக்கு உங்களைக் கடிகாரத்தடியில் நிற்கச் சொன்னார் என்றாள். திருப்பிக் கூப்பிட்டால் அந்த எண்ணுக்கு அழைப்பு போகவே இல்லை.

கடிகாரம் என்றால் எங்களுக்கு ஒன்றுதான். ஜவுளிக்கடையின் மாடி பால்கனியிலிருந்து வீதிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய வட்டக் கடிகாரம். முகத்தைச் சுற்றி வளைத்த கண்ணாடிக் குழாய். உள்ளே நியான் வாயு. டிரான்ஸ்பார்மர் மின் அழுத்தத்தை ஏற்றிக் கொடுத்ததும் வாயு செக்கச்செவேல் என்று ஒளிரும். குழாய்க்குள் கம்பி எதுவும் இல்லாததால் அறுந்துபோகும் பயமில்லை. கண்ணாடி உடையாதவரை பல வருஷம் உழைக்கும்.

ஆனால் கடைக்காரரின் அப்பா காலத்துக்குப் பிறகு அதை யாரும் எரியவிடவில்லை. அதன்மேல் தள்ளுபடி பேனர் தொங்கியது. கடைகளெல்லாம் மாறிப்போன வீதியில் அவன் எப்படி இடத்தைக் கண்டுபிடிப்பான்? கேட்டு வந்துவிடுவார் என்றாள் என் மனைவி. யாரைக் கேட்பான்? வீதியில் பாதிப் பேருக்கு அங்கே கடிகாரம் இருப்பதே தெரியாது. இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை.

காலையில் போய்க் கடைக்காரரிடம் கேட்டேன்.

"இன்னா சார், எப்பவோ செத்துப்போன கடிகாரத்த எழுப்பச் சொல்றீங்க. ஷாக் அடிச்சா உங்க வீட்டம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?"

முனகினாலும் பேனரை அவிழ்த்துக் கொடுத்தார். டிரான்ஸ்பார்மர் நன்றாகவே இருந்தது. எலி கடித்த வயரை மட்டும் மாற்றினேன். வெயில் தாழ்ந்ததும் வளையம் எரிந்தது, முள்ளும் ஓடியது. கீழே வந்து நின்றேன்.

ஆறு மணிக்குச் சற்று முன்பு கரண்ட் போய்விட்டது.

வீதியே இருண்டது. காத்திருந்தால் எதையாவது எண்ணுவது என் வழக்கம். பங்காரப்பேட்டை பஸ் நான்கு போய்விட்டன. ஆறு தாண்டியது. வந்து பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பானோ?

கரண்ட் வந்ததும் வளையம் தானே எரிந்தது. முள் ஓடவில்லை. அந்தக் கடிகாரத்துக்கு ஸ்பிரிங்கும் இல்லை, பேட்டரியும் இல்லை. மின்சாரத்தின் துடிப்போடு சேர்ந்து சுற்றும் மோட்டார்தான். நின்றுபோனால் பின்னால் இருக்கும் குமிழைக் கையால் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். அவசரமாக மாடியேறிச் சுழற்றினேன். ஓடும் சத்தம் கேட்டது.

கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. "டேய், டைம் பின்னாடி போவுதுடா."

அந்த மோட்டாருக்கு முன் பின் தெரியாது. எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கமே ஓடும். பால்கனியில் இருப்பவனுக்குக் கடிகாரத்தின் முகம் தெரியாது. அதனால்தான் அந்த நாளில், கரண்ட் போய் வந்ததும் கடைக்காரரின் அப்பா எங்களைக் கூப்பிட்டால், நான் மேலே நின்று சுழற்ற, அவன் வீதியில் நின்று பார்த்துச் சொல்வான். கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். சிவப்பு வெளிச்சத்தில் நரைத்த தலை ஒன்று அண்ணாந்து சிரித்தது.

இருட்டில் இடம் புரியாமல் வீதியை மேலும் கீழும் சுற்றியிருக்கிறான். திரும்பிப் போகக் காரில் ஏறும்போது வளையம் எரிந்திருக்கிறது.

நிறுத்திச் சரிசெய்யப் போனேன். அவன் விடவில்லை. "ஓடட்டும்டா. இன்னா அவசரம் இப்போ?"

கடைக்காரர் டீ வாங்கிவந்தார். "இப்பிடியே ஓடுச்சின்னா ரெண்டு பேரும் மறுபடி ஷிஃப்டுக்குப் போவணும் சார்," என்றார்.

"கூப்ட்டா போறோம்," என்றான் அவன். சிரிக்கவில்லை.

டிரைவர் ஹாரன் அடித்தபின்தான் எழுந்தான். இந்தமுறை அவன் மாடியேறினான், நான் வீதியில் நின்று சொன்னேன். கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டியதும், அவன் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டிவிட்டது தெரிந்தது.

இப்போதும் கரண்ட் போய் வந்தால் கடைக்காரர் என்னைத்தான் கூப்பிடுகிறார். குமிழைச் சுழற்றிவிட்டு, இறங்கிப்போய் நானே பார்த்துக்கொள்ளலாம் என்று தெரிந்தும், சரியாக ஓடுகிறது என்று கீழேயிருந்து சொல்ல ஒருவன் இல்லாததால் கொஞ்ச நேரம் பால்கனியிலேயே நின்றுவிடுகிறேன்.