ரெண்டு விரல் சார்

அந்த நடுநிலைப் பள்ளியின் புவியியல் ஆசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'ரெண்டு விரல் சார்'. காலை எட்டு மணிக்கே முன்வாசலில் நின்றுவிடுவார். பேண்ட்டுக்கும் ஷூவுக்கும் நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு மேல் சாக்ஸ் தெரிந்தால் பெயர் பட்டியலில் ஏறிவிடும். பெற்றோர் வந்து அழைத்துப் போக வேண்டும். வேறு பேண்ட் போட்டு வந்தால்தான் வகுப்பு. 'காரணம்' என்ற கட்டத்தில் எல்லோருக்கும் ஒரே வரிதான்: பெற்றோரின் கவனக்குறைவு. இந்த வேலையை யாரும் அவர் தலையில் கட்டவில்லை. அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது நினைத்தால் அவருக்கே சிரிப்பு வருகிறது.

அவர் மகளும் அங்கேதான் ஏழாம் வகுப்பு. அவள் குளிக்கப் போகும்போதே அவர் கிளம்பிவிடுவார். அவர் திரும்பும்போது அவள் உடை மாற்றியிருப்பாள். வாசலிலாவது பார்த்திருக்கலாமே என்றால், புதுப்பெண் மாதிரி குனிந்த தலை நிமிராமல் கால்களையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர், எந்த முகம் வந்தது, எது வரவில்லை என்று எங்கே கண்டார்?

பெற்றோர் கூட்டத்தில் அந்த விதி தேவையா என்று வாக்குவாதம் கிளம்பியது. ஒரு தாய் எழுந்து, "இந்த வயசுல பிள்ளைங்க மடமடன்னு வளருதுங்க சார். அதுக்காகப் பாடத்தை விட்டுட்டு வீட்டுக்கு அனுப்புறது நியாயமா?" என்றார்.

நம்மவருக்கு வாய் சும்மா இருக்குமா?

"பெத்தவங்க பிள்ளையைக் கண்ணால பார்த்தாலே போதும்மா. என் வீட்லயும் ஒருத்தி இருக்கா. ஒரு நாளாவது என் பட்டியல்ல வந்திருக்காளா?"

நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த காவலாளி வெள்ளந்தியான மனிதர். சாரைப் பெருமைப்படுத்துவதாகவே நினைத்துச் சொன்னார்: "எப்படி சார் வரும்? பாப்பா ஒரு மாசமா பின்வாசல் வழியாத்தானே வருது. பேண்ட் குட்டையாயிடுச்சாம். அப்பா என் பேரை எழுதுற மாதிரி ஆயிடக் கூடாதுன்னு சொல்லிச்சு. தங்கமான பொண்ணு சார்."

கூட்டம் சிரித்து ஓய வெகுநேரம் ஆனது. தலைமையாசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு முடிவை மறுநாளுக்குத் தள்ளிவைத்தார். நம்மவர் மேஜைக்கடியில் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போனதும் மகளிடம், "ஏம்மா என்கிட்ட சொல்லல?" என்றார்.

"போன மாசமே சொன்னேன்ப்பா. 'சரி சரி'ன்னீங்க. பட்டியல் எழுதிட்டிருந்தீங்க."

அவருக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. புவியியல் வாத்தியாருக்கு ஊர் உலகமெல்லாம் தெரியும், வீடுதான் தெரியாது என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மறுநாள் மகளை முன்வாசல் வழியாகவே கூட்டி வந்தார். நான்கு விரல். பட்டியலில் முதல் பெயராக அவளை எழுதினார். காரணத்தில் அதே வரி. பெற்றோர் கையெழுத்துக்கு நேராகத் தன் கையெழுத்தைப் போட்டு, நோட்டைத் தலைமையாசிரியையிடம் நீட்டினார்.

"வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்ங்கிறவங்கள்ல என் பேரையும் சேர்த்துக்குங்க மேடம். இன்னிக்கு மட்டும் விதிப்படி இவளைக் கூட்டிட்டுப் போறேன்."

"அப்போ வாசலை யார் பாக்கிறது?"

"பாத்த வரைக்கும் போதும் மேடம்."

துணிக்கடைக்கு நடக்கும்போதுதான் கவனித்தார். மகளின் தலை அவர் காதுவரை வந்திருந்தது.

"எப்பம்மா இவ்வளவு வளர்ந்தே?"

"நீங்க வாசல்ல நிக்க ஆரம்பிச்சப்புறம்தான்ப்பா."